கிணற்று மூடி

"காஸ் மூடியாச்சுங்களா?" என்று கேட்டேன். "ஆச்சு," என்றார் வெளியிலிருந்து. இது ஐந்தாவது. இன்னும் பதினெட்டு இருக்கிறது. வண்டி நகர்வதற்கு முன்னால் நான் உள்ளே மடக்கு மேசையின் முன் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவர் வெளியே வண்டியைச் சுற்றி நடந்து அந்தந்த இடத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஆச்சு என்பார். கை வைக்காமல் சொல்லக் கூடாது. சட்டம் அவர் போட்டதுதான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் சென்னியப்பன், என் வீட்டுக்காரர். ஒரு பஸ் பட்டறையை விட்டு வெளியே போகும் நாளில் இவர் கேட்பாராம், ஆட்கள் ஆச்சு சொல்வார்களாம். போல்ட்டில் கை வைக்காமலே ஆச்சு சொன்ன ஒருத்தனை மூன்று நாள் பட்டறைப் பக்கம் தலைகாட்டாதே என்று அனுப்பிவிட்டார். அந்தக் கதையை எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கடைசியில், "ஆச்சுங்கறது வாயில இல்ல மணி, கையில இருக்குது," என்று முடிப்பார். மணி என்றால் நான், வசந்தாமணி. இரண்டு வருஷமாக இந்த வண்டிதான் எங்களுக்கு வீடு. பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, படுக்கை, அடுப்பு, அலமாரி, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் கையாலேயே கட்டினது. பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் கக்கூஸைத்தான் கேட்பார்கள். அது எங்கே போகுதுங்க என்பார்கள். எங்கே போகும், எங்களோடதான் வரும் என்பேன். அப்புறம் வீடு எந்த ஊரில் என்பார்கள். இதுதான் வீடு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், சிரித்துவிட்டு மறுபடியும் கேட்பார்கள். கரூர் வீட்டை விற்றாகிவிட்டது. போய்ச் சேர இனி ஓர் இடம் கிடையாது. விற்ற நாளில் அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பின்கதவு?" "ஆச்சு." காஸ் பெட்டி இருப்பது வண்டியின் இடப்பக்கம், நடுவில். அங்கிருந்து பின்கதவுக்கு ஆறு எட்டு வைக்க வேண்டும். சரளைக்கல்லில் செருப்பு நறநறக்கும் சத்தம் எனக்கு இரண்டு தடவைதான் கேட்டது, அதற்குள் ஆச்சு வந்துவிட்டது. மூன்றாக இருக்கலாம். நடுவில் ஒரு லாரி போனது, அந்தச் சத்தத்தில் ஒன்றிரண்டு அமுங்கியிருக்கும். அவருக்கு நீளக் கால் வேறு, நீளக் கால்காரருக்கு நாலு எட்டே போதும். அப்படிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. இப்படியே பத்தொன்பது நாளாக ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்துச் சரியாக்கிக்கொண்டிருக்கிறேன். காலை எட்டரை மணி வெயில் ஜன்னல் வழியாக நோட்டின் மேல் விழுகிறது. பண்ணாரியில், மலை அடிவாரத்தில், ஒரு மெஸ்ஸுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். மெஸ்காரம்மா நேற்றே, எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இங்கேயே நின்றுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. லாரிக்காரர்கள் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, கண்ணை மூடிக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு ஏறுகிறார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் முன்சக்கரம் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவர் பத்து விநாடி எங்கேயோ போய்விட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் நினைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே அந்தச் சக்கரம் தெரிகிறது, அதற்கு முன்னால் சாலை இல்லாமல் மரங்களின் உச்சி தெரிகிறது.

"என்ன மணி, பேச்சையே காணோம்?" "இதோங்க. கழிவுத் தண்ணிக் குழாய்?" "ஆச்சு." இந்த ஆச்சு நன்றாக இருந்தது. நடந்து போய்க் குனிந்து சொன்ன ஆச்சு, குனியும்போது குரல் கொஞ்சம் அமுங்கும். குரலில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தோரு வயதில் கரூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு முன்னால் உட்கார்ந்தவள் நான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பாட்னா வேணுமா சார், ஜோர்ஹாட் லைன் கிடைக்கல சார், சிலிகுரி பேசுங்க சார். கரூர் ஜவுளி போகாத ஊர் கிடையாது, அத்தனை ஊர்ப் பெயரும் என் வாய் வழியாகத்தான் போனது. மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, லைன் திறந்திருந்து ஆள் இல்லையா என்று ஒரு மூச்சிலேயே சொல்லிவிடுவேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நான் பார்த்ததெல்லாம் பழனி, திருப்பதி, ஒரு தடவை மெட்ராஸ். குவாஹாட்டியில் ஒரு பெண் இருந்தாள், அந்த ஊர் ஆபரேட்டர். பெயர் கடைசிவரை தெரியாது. மழை பெய்தால் அங்கிருந்து லைன் கரகரக்கும், ரெயின் சிஸ்டர் என்பாள் அரைகுறை இங்கிலீஷில். அங்கே பெய்கிற மழையின் சத்தத்தை இங்கே வெயிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ரிட்டயர் ஆன வாரத்தில் இவரிடம் சொன்னேன், எனக்கு அந்த ஊரையெல்லாம் பார்க்கணும், ரயிலில் போய் லாட்ஜில் தங்கி அல்ல, அங்கங்கே அடுப்பு மூட்டிச் சோறாக்கித் தின்று பார்க்கணும் என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். அடுத்த நாள் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வண்டியின் படம் வரைந்து கொண்டுவந்தார். அடுப்பு எங்கே, ஜன்னல் எங்கே, நான் படுத்தபடியே வெளியே பார்க்க எவ்வளவு உயரம் என்று எல்லாம் போட்டு. ஆசை என்னுடையது. அவருக்கு எந்த ஊரையும் பார்க்க வேண்டாம், மூன்று வேளை சோறும் செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தால் போதும். என் ஆசைக்காகத்தான் வீட்டை விற்றார், என் ஆசைக்காகத்தான் இப்போது வெயிலில் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார். இதை நான் யாரிடமும் சொல்லி அழ முடியாது.

"மேல் ஜன்னல்?" "ஆச்சு." "சோலார் ஒயர்?" "ஆச்சு." முதல் தடவை அது நடந்தது சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில், நாலு வழிச் சாலையில், நல்ல பகலில். நான் நிலக்கடலை உரித்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கடலையை அவர் வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கண் திறந்திருக்கிறது, கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது, வண்டி மட்டும் மெல்ல மெல்ல நடுத்தடுப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. ஏனுங்க என்றேன். ஏனுங்க, ஏனுங்க. மூன்றாவது ஏனுங்கவுக்கு வண்டி நேரானது. "கடலை குடு," என்றார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, என்ன ஆச்சு என்று என்னையே திருப்பிக் கேட்டார். லைன் திறந்திருந்தது, ஆள் இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன், அன்றைக்கு வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன், கடலையின் மேல்கூட ஒரு தடவை பழியைப் போட்டேன். அடுத்தது ஊட்டிக்குப் போனபோது. பால் வாங்கப் போனவர் திரும்பி வந்து வேறு யாருடைய வெள்ளை வேனிலோ டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாவி போடும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாராம். அந்த வேன்காரர்கள் நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டே கூட்டிவந்து விட்டார்கள், இவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். தான் ஒரு ஆணி விடாமல் கட்டின வண்டியை அடையாளம் தெரியாத ஆள் ஓட்டுகிற வண்டியில் அன்றைக்கு நான் படுத்துத் தூங்கவும் செய்தேன். மூன்றாவது, நாலாவதையெல்லாம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஓசூரில் இருக்கும் மகள் சுகந்தி போனில், அப்பா எப்படிம்மா இருக்கார் என்று கேட்கும்போதெல்லாம், அவருக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கார் என்கிறேன். அவளுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், அவள் பாடே அவளுக்குப் பெரும்பாடு. ஆனால் அதற்காக நான் மறைக்கவில்லை. சொன்னால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து சாவியை வாங்கிவிடுவாள், அதனால்தான் மறைக்கிறேன்.

"சித்த இரு மணி, டயர்ல ஒரு கல்லு மாட்டிருக்குது," என்கிறார். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும் சத்தம் கேட்கிறது. இதைக் கண்டுபிடிக்கிறார் பாருங்கள். டயர் வரிப்பள்ளத்துக்குள் கடுகளவு கல் மாட்டியிருந்தால் தெரிகிறது. அந்தக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. கோயமுத்தூர் டாக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு, இவரைச் சிறுமுகை பக்கம் வண்டியோடு விட்டுவிட்டு, பஸ் பிடித்து நான் மட்டும் போனேன். அவர் நல்லாத்தானுங்க டாக்டர் இருக்கார், எப்பவாச்சும் ஒரு பத்து விநாடி. டாக்டர் சின்ன வயசுக்காரர், நான் பேசி முடிக்கிற வரைக்கும் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஆளைப் பாக்காம நான் எதையும் சொல்ல முடியாதும்மா. கூட்டிட்டு வாங்க, ஸ்கேன் எடுக்கணும். பழசும் புதுசும் கொழம்பறது உண்டா?" என்றார். இல்லை என்றேன். அது உண்மைதான், அன்றைக்கு வரைக்கும் உண்மை. "ஸ்கேன் எடுக்கற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொட விடாதீங்க. அவரு மட்டும் போற விஷயமில்ல. எதுத்தாப்புல ஒரு ஸ்கூல் பஸ் வரும்." ஸ்கூல் பஸ்ஸை அவர் எதற்குச் சொன்னார்? அதற்கப்புறம் மஞ்சள் நிறத்தில் எது எதிரே வந்தாலும் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் தீர்மானமாக இருந்தேன். போனதும் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவது. சொல்ல வேண்டிய வார்த்தையைக் கூட எடுத்து வைத்துக்கொண்டேன். படி ஏறி உள்ளே வந்தால் அலமாரிக் கதவு முழுக்க இந்தியா மேப்பை ஒட்டி, சிவப்பு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். சத்தியமங்கலம், மைசூர், ஹைதராபாத், நாக்பூர், காசி, பாட்னா, சிலிகுரி, குவாஹாட்டி, அதற்கும் மேலே தவாங் வரைக்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு குண்டூசி. "பல்லு எப்பிடி இருக்குது?" என்றார். பரவாயில்லை என்றேன். "ஆறு மாசம் மணி. உன்ற போர்டுல இருந்த ஒரு ஊரு விடாம குத்திட்டேன் பாரு." நான் குவாஹாட்டிக் குண்டூசியைத் தொட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை.

பத்தொன்பது நாள் ஆகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. வண்டி சர்வீஸ் முடியட்டும், அமாவாசை போகட்டும், அவருக்கு வயிறு சரியாகட்டும். நேற்று, "சேலம் வழியா பெங்களூர் போய்ட்டா ரோடு நேரா இருக்குமேங்க," என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "மொத நாளே ஒரு மலை ஏறிப் பாத்துரோணும். அங்க தவாங் போற பாதை பதிமூணாயிரம் அடிக்கு மேல. இதுலயே மூச்சு வாங்குச்சுன்னா தெரிஞ்சுக்கலாமில்ல?" என்றார். வண்டியைச் சொன்னார். காரணம் சொல்லாமல் தடுக்க முடியாது, காரணம் சொன்னால் அப்புறம் இந்த ஆள் இருக்க மாட்டார். வேறு ஒருத்தர் இருப்பார், சுகந்தி வீட்டு மூன்றாவது மாடியில், டிவி முன்னால், மடியில் கையை வைத்துக்கொண்டு. வண்டி கீழே அபார்ட்மெண்ட் வாசலில் துணி போர்த்தி நிற்கும். அதை இவர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அந்த பால்கனியில்தான் இருப்பேன், இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருக்காக மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் மறுபடியும் ஒரு நாற்காலியில் போய் உட்கார என்னால் முடியாது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருபதடி நீள வண்டியை ஓட்ட இந்த வயதில் யார் கற்றுக்கொடுப்பார்கள்? இந்த உலகத்தில் என்னைக் குவாஹாட்டிக்குக் கொண்டுபோகக் கூடிய ஒரே ஆள் இவர்தான். இப்படி நினைக்கிறவளை என்னவென்று சொல்வது?

அதனால் இன்று காலை பல் துலக்கும்போது எனக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். நோட்டில் இல்லாத ஒன்றை நடுவில் கேட்பது. வண்டியில் இல்லவே இல்லாத ஒன்று. மாடிப்படி ஆச்சா என்று கேட்பது. கை வைக்க ஒன்றும் இருக்காது. ஏம்புள்ள, வண்டிக்கு ஏது மாடிப்படி என்று கேட்டாரானால் கிளம்பிவிடலாம், ஆள் இருக்கிறார். யோசிக்காமல் ஆச்சு என்றாரானால் நோட்டை மூடிவிட்டுக் கீழே இறங்கிச் சொல்லிவிடுவது. பதினோராவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் என்று இடம்கூடக் குறித்துக்கொண்டேன். சாமி மேல் பாரத்தைப் போடுவதைவிட இது நேர்மையாகத் தோன்றியது. "பேட்டரி மூடி?" "ஆச்சு." "சக்கரக் கட்டை?" "ரெண்டும் எடுத்தாச்சு, பின்னால வெச்சுட்டேன்." இதுதான் பதினொன்று. மாடிப்படி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கிணத்து மூடி?" என்று கேட்டுவிட்டேன்.

எங்கிருந்து வந்தது இது? கரூர் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. சுகந்தியை நாங்கள் பாப்பா என்று கூப்பிட்ட காலம், நாலு வயது இருக்கும்போது ஒரு நாள் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே இவர் பட்டறையிலிருந்து பஸ் தகடு கொண்டுவந்து ஒரு மூடி செய்து போட்டார். அதற்கப்புறம் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பேன், கிணத்து மூடி? கொல்லையிலிருந்து பதில் வரும். எத்தனை வருஷம். அவள் பெரிய மனுஷி ஆகிக் கல்யாணமாகிப் போகும் வரைக்கும், தேவையே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டை வாங்கினவர் அந்தக் கிணற்றை மண்ணைக் கொட்டி நிரவிவிட்டார். சரி, கேட்டாகிவிட்டது. பதில் வரவில்லை. வெளியே சத்தமே இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஆச்சு என்று உடனே சொல்லிவிடவில்லை, யோசிக்கிறார், இதென்ன கேள்வி என்று நிற்கிறார், இப்போது தலையை ஜன்னலில் நீட்டி என்னைத் திட்டுவார். திட்டட்டும் என்று கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. வண்டியை விட்டு விலகிப் போகிற சத்தம், எட்டு, ஒன்பது, பத்து அடி. எதையோ நகர்த்துகிற சத்தம். அப்புறம் தூரத்திலிருந்து குரல் வந்தது. "ஆச்சு. மேல ஒரு கல்லும் வெச்சுட்டேன்."

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மெஸ்ஸுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் விழும் குழி ஒன்று இருக்கிறது, அதன்மேல் ஒரு பலகை போட்டிருப்பார்கள். பலகையின் நடுவில் ஒரு கருங்கல் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். கை வைத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கை வைக்காமல் வாயால் சொல்வார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். நான் அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டது நான். முப்பது வருஷத்துக்கு முன்னாலிருந்து நான் கேட்டேன், முப்பது வருஷத்துக்கு முன்னாலிருந்து அவர் பதில் சொன்னார். மாடிப்படி என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார். என் பந்தயம் ஒழுங்காக நடக்கவில்லை, அதனால் அது செல்லாது. அதோடு அவருக்குக் கேலி அதிகம். கல்யாணமான புதிதில் நான் கருவேப்பிலை கேட்டதற்குச் செடியையே பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்த ஆள். கிணத்து மூடியா, இரு உனக்குக் காட்டறேன் என்று போய்க் கல்லைத் தூக்கி வைத்திருப்பார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும், பார்த்துவிடலாம். வந்தார். சிரிப்பு இல்லை. கவலையும் இல்லை. வேலை சரியாக முடிந்த மேஸ்திரியின் முகம்தான் இருந்தது. "அடுத்தது?" என்றார். ஒரு நல்ல கேலிக்காரர் சட்டென்று சிரிக்க மாட்டார், கடைசிவரை முகத்தை வைத்துக்கொள்வார். அப்படியும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பார். "பக்கவாட்டு ஏணி?" என்று பன்னிரண்டாவதைக் கேட்டேன். என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை, எக்ஸ்சேஞ்சில் யாருக்காவது சாவுச் செய்தி போகும் லைனை இணைக்கும்போதும் இப்படித்தான் இருக்கும். பதிமூன்று, பதினான்கு, இருபது வரைக்கும் சரசரவென்று போனது. அவரும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக நடந்தார், ஒழுங்காகச் சொன்னார். இருபத்து மூன்றாவது, படி மடக்கியாச்சா. அதற்கு அவர் ஆச்சு என்றதும் என் வேலை முடிந்தது. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். இறங்கிச் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கே கொடுத்த வாக்கு இருந்தது. இறங்குவதற்குப் படி மடக்கியாகிவிட்டதே என்று ஒரு காரணம் தோன்றியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. உள்வழியாக நடந்து முன்சீட்டுக்குப் போனேன்.

அவர் ஏறி உட்கார்ந்தார். விரல் இடுக்கெல்லாம் செம்மண். துண்டில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியைச் சரி செய்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் சாலைக்கு ஏற்றினார். இவ்வளவு நன்றாக ஓட்டுகிற ஆளை இறங்கு என்று எப்படிச் சொல்வது? மேலே திம்பத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே டீ குடிக்கும்போது சொல்லிவிடலாம். அது இருபத்தேழு வளைவுக்கு அப்புறம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். கோயில் வாசலில் வேகம் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சோதனைச் சாவடியில் எங்களுக்கு முன்னால் இரண்டு லாரி. பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு காவலர் ஒவ்வொரு வண்டியாக வந்தார். சின்ன மீசை, நல்ல முகம். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "வீடே வெச்சிருக்கீங்களா உள்ள? எங்கீங்க போறீங்க?" "இன்னிக்கு மைசூருங்க," என்றார் இவர். "எத்தன பேருங்க உள்ள?" "மூணு பேருங்க."

காவலர் எழுதப்போனவர் நிமிர்ந்தார். "ரெண்டு பேருதான தெரியறீங்க?" "பாப்பா பின்னால இருக்குதுங்க," என்றார் இவர். காவலர் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். "பாப்பா உள்ள இருக்குதுங்களாம்மா?" இப்போது கேலி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. இல்லீங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்ல, இந்த வண்டியை மேல விடாதீங்க. முழு வாக்கியமும் வாயில் தயாராக இருந்தது. சொன்னால் போதும், இந்த நல்ல முகத்துக்காரர் சாவியை வாங்கிக்கொள்வார், நான் வாங்க வேண்டியதில்லை. அப்படியே இவர் பக்கம் திரும்பினேன். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கில் இருந்த விரல்கள் இறுகியிருந்தன. கண்ணில் பயம் இருந்தது. நாற்பது வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத பயம். அவருக்கும் நிச்சயமில்லை. மூணு என்று சொல்லிவிட்டு, சரியா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இன்னும் ஒரு நொடி என்னால் தாங்க முடியவில்லை. "தூங்கறாளுங்க," என்றேன் காவலரிடம். "இப்பத்தான் தூங்குனா."

காவலர் பின்பக்கத் திரைச்சீலையை ஒரு தடவை பார்த்தார். மூன்று என்று எழுதிக்கொண்டார். "யானை நிக்கும், எறங்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார். தடுப்புக் கம்பி மேலே போனது. இவர் முகம் தெளிந்துவிட்டது, விரல்கள் தளர்ந்தன, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். முதல் கியரைப் போட்டு மெல்ல நகர்த்தினார். எதிரே சாலை வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. "மெதுவாத்தான் ஏத்தோணும் மணி," என்றார் குரலைத் தாழ்த்தி, "பாப்பா முழிச்சுக்குவா." சரிங்க என்றேன், நானும் குரலைத் தாழ்த்தி.